ஒரு சொல், ஓயாத வேலை – 17: கால் இல்லாத ஓட்டங்கள்

'செட்' என்ற மூன்றெழுத்துப் பயலோடு மல்லுக்கட்டி முடித்தாயிற்று. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அவனுக்கு 430 பொருள், அவனை விளக்கவே 60,000 சொற்கள். முன்கதை இவ்வளவுதான். மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் 'ரன்'. 'ரன் இன்டு', 'ரன் ஓவர்', 'ரன் டவுன்' என்று வால் முளைத்த ரன்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வாரம் முழுக்க ஒரு குச்சி என்னை இழுத்துக்கொண்டே போய்விட்டது. எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் வந்த வேலை.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலையை அவர்கள் 'ஏ'யிலிருந்து தொடங்கவில்லை, 'எம்'மிலிருந்து தொடங்கினார்கள். அதனால் 'செட்'டின் நாற்காலியை முதலில் பிடித்தது 'மேக்', 2000இல். 2007இல் 'புட்' வந்து 'மேக்'கை இறக்கியது. 2011இல் வந்து சேர்ந்த 'ரன்' எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். அந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மாதமும் ஒரே சொல்லோடு! மனிதர் வீட்டில் என்ன பேசியிருப்பார் என்று யோசிக்கிறேன்.

சைமன் வின்செஸ்டர் என்ற எழுத்தாளர் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். இயந்திரம் வந்தது, ரயில் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஓடுகிற பொருள் பெருகப் பெருக 'ரன்' பெருத்தது என்பது அவர் கட்சி. பாதி சரி. மீதிப் பாதி இயந்திரத்துக்கு ஆயிரம் வருஷம் முந்தியது.

பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல் அல்ல, இரண்டு. தானாக ஓடுவதற்கு 'ரின்னன்', ஒன்றை ஓடவைப்பதற்கு 'ஆர்னன்'. நம்முடைய 'ஓடு', 'ஓட்டு' மாதிரியே. குதிரை ஓடினால் ஒரு சொல், குதிரையை ஓட்டினால் இன்னொரு சொல். போதாக்குறைக்கு 'ரின்னன்' நாவில் புரண்டு 'இர்னன்' என்றும் வழங்கியது. ரகரம் இடம் மாறுவது பெரிய அதிசயம் இல்லை. நம் ஊரில் மதுரையை 'மருதை' என்பார்கள், குதிரையைக் 'குருதை' என்பார்கள். இங்கேதான் எனக்கு ஒரு சின்னக் குதூகலம். ஆங்கிலத்தின் 'ஹார்ஸ்' கூட இப்படிப் புரண்ட சொல்தான். நார்வேப் பக்கத்துப் பழைய மொழியில் அது 'ஹ்ரோஸ்', ஜெர்மனில் 'ரோஸ்'. ஆக, இங்கிலாந்துக்காரன் வாயிலும் குதிரை புரண்டிருக்கிறது, நம் கிராமத்துப் பெரியவர் வாயிலும் புரண்டிருக்கிறது. குதிரைக்கும் ரகரத்துக்கும் ஏதோ பகை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வினைகளும் காலப்போக்கில் ஒலியில் நெருங்கிக் கடைசியில் ஒன்றாகிவிட்டன. ஜெர்மன்காரர்கள் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வழிந்தோட 'ரின்னன்', மனிதன் ஓட 'ரென்னன்'. ஆங்கிலேயனுக்கோ தண்ணீரும் 'ரன்', மனிதனும் 'ரன்', மனிதன் ஓட்டும் குதிரையும் 'ரன்'. குழாய் ஓடுகிறது, மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் இறங்குகிறது: எல்லாவற்றுக்கும் அதே சொல். பாலைத் திரிய வைத்துப் பாலாடைக்கட்டி செய்யச் சேர்க்கிற 'ரென்னட்' கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பால் ஒன்றுகூடி ஓடித் திரள்கிறதாம்.

ஆகவே 645 என்ற எண்ணைப் பார்த்து நான் மலைக்கவில்லை. ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவன் தலையில் கட்டியதால் வந்த எண் அது. தமிழில் அந்த ஐந்து பேரும் யார் என்று பிறகு சொல்கிறேன். இப்போது குச்சி.

'ரன்' என்றதும் நமக்கு அகராதியா நினைவு வரும்? ஸ்கோர் போர்டுதான் வரும். கிரிக்கெட்டில் அதற்கு ஏன் 'ரன்' என்று பெயர் எனக் கேட்டால் சின்னப் பையனும் சொல்வான், ஓடி எடுப்பதால் என்று. ஆனால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு வழக்கமான பெயர் 'நாட்ச்'. அதாவது வெட்டு. ஸ்கோர் எழுதுகிறவர் எழுதவில்லை, வெட்டினார். கையில் ஒரு குச்சி, ஒரு கத்தி. மட்டையாளர்கள் ஓடி முடித்தால் குச்சியில் ஒரு வெட்டு. பத்தாவது வெட்டைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டால் எண்ணுவது சுலபம். அந்தக் காலத்துக் கிரிக்கெட் ஓவியங்கள் சிலவற்றில், மைதானத்தில் உட்கார்ந்து குச்சி சீவிக்கொண்டிருக்கிற ஆளைப் பார்க்கலாம். முதலில் நான் அவரை வேலைவெட்டி இல்லாத பார்வையாளர் என்றல்லவா நினைத்தேன்! ஆட்டத்தில் மிகப் பொறுப்பான ஆள் அவர்தான்.

1744 ஜூன் 18ஆம் தேதி லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் கென்ட் அணியும் இங்கிலாந்து அணியும் ஆடின. இங்கிலாந்து 40, 70. கென்ட் 53, பிறகு ஒன்பது விக்கெட் இழப்புக்கு 58. ஒரே விக்கெட்டில் வெற்றி! ஆட்டக்காரர் வாரியாகக் கணக்கு மிஞ்சியிருக்கிற ஆகப் பழைய ஆட்டங்களில் இது ஒன்று. இரண்டு அணியும் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து மொத்தம் 221. இன்று ஐபிஎல்லில் ஒரே அணி இருபது ஓவரில் அடித்துவிட்டுப் போகிறது.

'ஸ்கோர்' என்ற சொல்லே வெட்டுதான். வடக்கிலிருந்து வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த 'ஸ்கோர்' என்றால் குச்சியில் போடும் வெட்டு. இருபதுக்கு ஒரு வெட்டு என்று எண்ணிய பழக்கத்தால் இருபதுக்கும் அதுவே பெயராயிற்று. 1863இல் கெட்டிஸ்பர்க்கில் பேசிய லிங்கன் எண்பத்தேழு வருஷத்தை நான்கு ஸ்கோரும் ஏழும் என்று கணக்கிட்டது இந்த வழியில்தான். பால்காரரும் தயிர்க்காரம்மாவும் சுவரில் கரிக்கோடு போட்டு மாதக் கணக்கு வைத்தார்களே, அந்த வகை. ஆனால் நம் கோடு வெள்ளையடித்தால் போய்விடும். அவர்களுடைய வெட்டு போகவில்லை. போகாததால் ஒரு பெரிய விபரீதமே நடந்தது.

இங்கிலாந்து அரசாங்கத்தின் கஜானாவே இப்படிக் குச்சியில்தான் கணக்கு வைத்திருந்தது. 12ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் என்ற கஜானா அதிகாரி இதற்கு அளவே எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டு. நூறு என்றால் கட்டைவிரல் அகலம். இருபது என்றால் சுண்டுவிரல். ஒரு பவுண்டு என்றால் முற்றிய வாற்கோதுமை மணி அளவு. ஒரு பென்னி என்றால் மரத்தைச் செதுக்கி எடுக்காமல் கத்தியால் ஒரு கீறல், அவ்வளவுதான். வெட்டி முடித்ததும் குச்சியை நீளவாக்கில் பிளந்துவிடுவார்கள். ஒரு பாதி கொடுத்தவரிடம், மறு பாதி வாங்கியவரிடம். பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் போதும். மரத்தின் ரேகையே சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாதவனையும் ஏமாற்ற முடியாது. எனக்கென்னவோ, இன்றைய பாஸ்வேர்டைவிட இதில் நம்பிக்கை அதிகம்.

இந்தக் குச்சிகளை ஒழிக்க 1782இல் சட்டம் போட்டார்கள். ஆனால் கஜானாவில் பதவியில் இருந்தவர்களுக்கு ஆயுள்வரை உத்தியோகம். அவர்கள் போய்ச் சேரும்வரை காத்திருந்து, 1826இல்தான் குச்சிக்கு விடை கொடுத்தார்கள். அரசாங்க வேகம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஒழித்தாயிற்று, சரி. மலைபோல் குவிந்துகிடக்கிற பழைய குச்சிகளை என்ன செய்வது? 1834 அக்டோபர் 16ஆம் தேதி, இரண்டு வண்டிக் குச்சியை நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். காய்ந்து கிடந்த மரம். வேலையாட்கள் காலையிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மாலை நான்கு மணி வாக்கில் சபையைச் சுற்றிப் பார்க்க வந்த இருவர், காலணியையும் மீறித் தரை சுடுகிறதே என்று கேட்டிருக்கிறார்கள். சுவரில் தொங்கிய பெரிய சித்திரத் திரைகள் புகையில் சரியாகத் தெரியவில்லை. சுற்றிக் காட்டிய அம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மணிக்குமேல் நெருப்பு வெளியே தெரிந்தது. இரவுக்குள் பிரபுக்கள் சபை, மக்கள் சபை இரண்டும் போயின. பழைய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் காப்பாற்ற முடிந்தது. ஓவியர் டர்னர் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, பிறகு இரண்டு பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். இரண்டும் இப்போது அமெரிக்காவில் இருக்கின்றன, ஒன்று ஃபிலடெல்ஃபியாவில், மற்றது கிளீவ்லாண்டில்.

அந்த நெருப்பில் இன்னொன்றும் போயிற்று. இங்கிலாந்தின் சட்டபூர்வமான கஜக்கோல், ஒரு கஜம் என்றால் எவ்வளவு என்று நாடு முழுமைக்கும் அளவு சொல்லும் மூலக்கோல், அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. எடைக்கான பவுண்டுக் கல்லும் கூடவே இருந்தது. எண்ணும் குச்சி எரிந்து, அளக்கும் கோலையும் நிறுக்கும் கல்லையும் கொண்டுபோய்விட்டது. புதிதாக அளவு செய்ய ஒரு குழு போட வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1855இல் ஒரு கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லி அரசாங்கத்தைக் கிழித்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் குளிரில் வாடுகிற ஏழைகளுக்கு விறகாகவாவது கொடுத்திருக்கலாமே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

சரி, ரன்னுக்குத் திரும்புவோம். குச்சி போய்க் காகிதம் வந்த பிறகு 'நாட்ச்' செத்தது, 'ரன்' நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரம்பத்தில் எவ்வளவு தூரம் அடித்தாலும் ஓடித்தான் ஆகவேண்டும். எல்லைக்கோட்டுக்கு நான்கு என்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவிய ஏற்பாடு. ஆறு வேண்டுமென்றால் பந்து மைதானத்தைவிட்டே வெளியே போக வேண்டும் என்ற நிலை 1910 வரை இருந்தது. ஆக, ஓடியே தீர வேண்டிய காலத்தில் அதற்கு வெட்டு என்று பெயர். ஓடாமலே கிடைக்கிற காலத்தில் ஓட்டம் என்று பெயர்.

எவ்வளவு ஓடாமல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சச்சின் ஒருநாள் ஆட்டங்களில் எடுத்தது 18,426. அதில் 2,016 பவுண்டரி, 195 சிக்ஸர். பெருக்கிக் கூட்டினால் 9,234. பாதிக்குமேல் ஓடாத ஓட்டம்! இருபதோ முப்பதோ அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் பாதியைத் தாண்டிவிட்டது. கிறிஸ் கெயில் 2013இல் பெங்களூரில் 66 பந்தில் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தாரே, அதில் 17 சிக்ஸர், 13 பவுண்டரி. 154 போக, அந்த மகானுபாவர் காலால் சம்பாதித்தது வெறும் 21. இதையும் அகராதி 'ரன்' என்றுதான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் 'ரன்' என்றே வைத்துக்கொண்டோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. கெயில் விஷயத்தில் நம் வழிதான் பாதுகாப்பானது.

எரிந்த நாடாளுமன்றத்தை நினைத்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தச் சபைக்குப் போட்டியிடுகிற ஆங்கிலேயர் தேர்தலில் ஓடுவதில்லை, நிற்கிறார். அவர்கள் மொழியில் அது 'ஸ்டாண்ட்'. அமெரிக்கர்தான் ஓடுகிறார். அங்கே தேர்தலே குதிரைப் பந்தயக் கணக்கு. துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்கிறார்களே, அது பந்தயத்தில் ஒரே லாயத்துக் குதிரைக்கு வேகம் கூட்டிக் கொடுக்கக் கூடவே ஓடவிடும் இன்னொரு குதிரையின் பெயர். நம் வேட்பாளரும் நிற்கிறவர்தான். "இந்தத் தடவை யார் நிக்கிறாங்க?" என்றுதான் டீக்கடையில் கேட்போம். ஜெயித்த பிறகு ஆள் எங்கே ஓடினார் என்பது வேறு விசாரணை.

இப்போது அந்த ஐந்து பேர். ஓடு, ஓட்டு, நட, நடத்து, நில். 'ரன்' ஒருவன் செய்வதைத் தமிழில் இவர்கள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். பங்கு போட்ட விதத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் கடையை 'ரன்' செய்வார்கள், பள்ளிக்கூடத்தை 'ரன்' செய்வார்கள், நாட்டையும் 'ரன்' செய்வார்கள். நாம் கடையை நடத்துகிறோம், பள்ளியை நடத்துகிறோம், ஆட்சியை நடத்துகிறோம். கௌரவமான காரியம் எல்லாவற்றுக்கும் நமக்கு நடைதான். கடையை ஒருவர் 'ஓட்டுகிறார்' என்றால் பொருள் மாறிவிடும். "எப்படிண்ணே போகுது?" "ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன் தம்பி." இந்தப் பதிலில் வாடகை பாக்கி தெரிகிறது, சரக்கு எடுத்த கடன் தெரிகிறது. பிழைப்பை ஓட்டுவது, காலத்தை ஓட்டுவது, இருக்கிற ரசத்தை வைத்து ராத்திரியை ஓட்டுவது எல்லாம் இந்த ஜாதி. ஆங்கில 'ரன்'னில் இந்தப் பெருமூச்சு கிடையாது. அங்கே 'ஐ ரன் எ கம்பெனி' என்பவன் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறான்.

வயதுக்கும் நமக்கு நடைதான். "முப்பத்தஞ்சு நடக்குது." சனி திசையும் நடக்கிறது, வழக்கும் நடக்கிறது. ஆனால் அதே ஆள் இங்கிலீஷ் கலந்து பேசும்போது "தர்ட்டிஃபைவ் ரன்னிங்" என்று ஓட ஆரம்பித்துவிடுகிறார். லண்டனில் சொன்னால் புரியாது. அது நம் 'நடக்குது' போட்டுக்கொண்ட வேஷம்.

சினிமாவுக்கும் நாடகத்துக்கும் மட்டும் இரண்டு மொழியும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கின்றன. இருந்தும் கணக்கு வேறு. லண்டனில் 1952இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம், கொரோனா காலத்து இடைவெளி நீங்கலாக, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதை 'லாங் ரன்' என்பார்கள், நீண்ட காலம் என்ற பொருளில். நமக்கு ஓடுவது என்றாலே வெற்றி. 1944இல் வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டு ஓடியது. "படம் ஓடலை" என்றால் புரொஜெக்டர் பழுது என்று எந்தத் தமிழனும் நினைக்க மாட்டான். ஓர் ஆங்கிலேயரிடம் 'தி ஃபிலிம் டிட் நாட் ரன்' என்று சொல்லிப் பாருங்கள், கரண்ட் போய்விட்டதா என்று கேட்பார்.

வாலுள்ள ரன்கள் இந்த வாரமும் தப்பித்துவிட்டன. அடுத்த வாரம் கட்டாயம் என்று எழுதத்தான் கை வருகிறது; ஆனால் 'பேங்க் ரன்' என்ற ஒன்று நடுவில் வந்து நிற்கிறது. 1906 அக்டோபரில் சென்னை ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியதும், அதற்கு மறு வருஷம் இந்தியன் வங்கி பிறந்ததும் அந்தக் கதையில் வரும். அதைத் தாண்டி ஓட எனக்கு மனம் இல்லை.

அதற்குள் நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். கொங்குப் பக்கம் தறி ஓட்டுகிறார்கள், டெல்டாவில் ஏர் ஓட்டுகிறார்கள், சென்னையில் நண்பனையே ஓட்டுகிறார்கள். உங்கள் ஊரில் வேறு எதை ஓட்டுகிறீர்கள், எதை நடத்துகிறீர்கள் என்று ஒரு தபால் அட்டையில் எழுதி ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரை மறக்காமல் போடுங்கள்.